ஒரே சட்டி, இரண்டு ரத்தம்

மூன்றாவது முறையும் நரம்பு ஊசிக்குச் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. எலிசாள் தன் பருத்த கையைத் தானே அறைந்துகொண்டு, "இன்னும் குத்தும்மா, எனக்கொண்ணும் நோவாது" என்றாள். அந்த ரத்தப் பரிசோதனை, ஊசி குத்தியவர்களைவிட அவளுக்குத்தான் அவசியமாக இருந்தது.

கழக்கூட்டம் என்கிற மலையாளத்து ஊரில் கட்டிட வேலைக்காரர்களுக்கு மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் விற்கிறவள் எலிசாள். கணவர் ராஜையன் கம்பி கட்டும் மேஸ்திரி. ஆளும் கம்பிதான். ஓணம் கழிந்ததும் அவருக்கு நெஞ்சடைப்பு வந்தது. அவருடைய அக்கா சரசம்மா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "எல்லாம் நீ ஊத்துன தேங்கா எண்ணெ."

அன்று முதல் சரசம்மா வீட்டிலிருந்து தூக்குச்சட்டி வந்தது. உப்பில்லாமல் குழையக் குழைய வேகவைத்த சோறு. ராஜையன் மறுபேச்சில்லாமல் தின்றார். ஊரே உட்கார்ந்து உண்கிற கடையில், கடைக்காரியின் புருஷன் மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து தூக்குச்சட்டி திறந்தார். எலிசாளுக்கு அதுதான் பொறுக்கவில்லை. அவரைத் தன் சோற்றுக்குத் திருப்பியாக வேண்டும்.

நகரத்து ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. இதய நோயாளியின் ரத்தத்தையும், அதே வீட்டில் உண்கிற துணையின் ரத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அத்தனை வருஷமும் ஒரே சட்டிச் சோறு; தன் ரத்தம் நன்றாயிருந்தால் சமையல் மேல் பழியில்லை என்ற உண்மை வெளியே வந்துவிடும் என்று எலிசாள் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள்.

முடிவு கேட்க சரசம்மாவும் கூடவே வந்தாள்.

"கொழுப்பு உடம்புல சும்மா கிடக்கில்லை சேச்சி" என்றார் டாக்டர் ஜினி, மலையாளம் கலந்த தமிழில். "ரத்தத்துக்குள்ள ஓரோ பொருளா விட்டுகிட்டே இருக்கும். அதுல நல்லது ஒண்ணு உண்டு, அடிப்போனெக்டின். தடிச்சவங்களுக்கு சாதாரணமா குறையும். சேச்சிக்கு நல்லாவே இருக்கு. சேட்டனுக்குத்தான் குறைவு."

எலிசாள் நாற்காலி கிறீச்சிட நாத்தனார் பக்கம் திரும்பினாள். "கேட்டியளா மைனி? எனக்க கொழுப்பு நல்ல கொழுப்பாக்கும்."

"ஒனக்குக் கொழுப்பு உண்டும்னு நான் எப்பளே செல்லியாச்சே" என்றாள் சரசம்மா.

"சண்டை வேண்டா" டாக்டர் சிரித்தார். "இதை வச்சு சமையல் மேல குற்றம் சொல்ல முடியாது. குற்றமில்லைன்னும் சொல்ல முடியாது. எண்ணெய் குறைக்கணும், அவ்வளவுதான்."

எலிசாளின் முகம் தொங்கிப்போனது. இவ்வளவு குத்து வாங்கியும் தீர்ப்பு வரவில்லை.

"வேற ஒரு காரியம்" டாக்டர் ராஜையன் பக்கம் திரும்பினார். "சி.ஆர்.பி.ன்னு ஒரு அளவு. உடம்புல எங்காவது அழற்சி இருந்தா ஏறும். சேட்டனுக்கு இறங்க வேண்டியது மேல போயிருக்கு. இதயம் மட்டும் இவ்வளவு ஏத்தாது. எங்கயோ பழுப்பு, சீழ் வச்சிருக்கு. காய்ச்சல் உண்டோ? புண்? பல் வேதனை?"

"ஒண்ணுமில்ல." உதடு பிரியாமல் வந்தது பதில்.

"வாயைத் திறங்க."

திறக்கவில்லை. எலிசாள் மூக்கைப் பிடித்தாள். சரசம்மா தாடையைப் பிடித்தாள். ஓணத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து செய்த முதல் வேலை அது. உள்ளே, கீழ்க் கடைவாய்ப் பல் கறுத்து, ஈறு முந்திரிக்கொட்டை போல வீங்கியிருந்தது.

"ஏன் செல்லேல்ல?" என்றாள் எலிசாள்.

"பிடுங்கிருவாங்கல்லா." நெஞ்சடைப்பு வந்தபோது தொடை வழியாகத் தன் இதயத்துக்கு ஒயர் ஏறியதைக் கண்கொட்டாமல் டி.வி.யில் பார்த்துக் கிடந்த மனிதருக்குப் பல் பிடுங்கப் பயம்.

"அப்ப அக்கா வீட்டுச் சோறு?"

"அது சவைக்க வேண்டாம்லா."

எலிசாள் சிரித்துக் குலுங்கினாள். முதலில் வயிறு, பிறகு தோள், பிறகு நாற்காலி.

"லே பாவி!" சரசம்மா அவர் முதுகில் ஒன்று வைத்தாள். "எனக்க கைப்பக்குவம்னுல்லா நான் நெனச்சேன்!" அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "எலிசாளே, இனி நீயே சோறு போடு. நாளைக்கு நான் சோத்துக்கு ஒலை வைக்கல்ல."

மறுநாள் பல் பிரிவில் சீழ் குறைய மாத்திரை கொடுத்தார்கள். இதய மருந்துச் சீட்டைப் பார்த்தார்கள். டாக்டர் ஜினியிடம் கேட்டுவிட்டு அடுத்த வாரம் பல்லைப் பிடுங்கலாம் என்றார்கள். மத்தியானம் ராஜையன் கடையில் வேலைக்காரர்கள் நடுவில் உட்கார்ந்தார். எலிசாள் கஞ்சியும் முள்ளெடுத்த சாளை மீனும் வைத்தாள். எண்ணெய் குறைவாகத்தான் விட்டிருந்தாள். அவர் ஒரு பக்கமாகச் சவைத்துத் தின்றார். மறுபடி கஞ்சி கேட்டார். ஊற்றினாள்.