உலகம் அழியப்போகிறது, வந்துவிடு

2012 டிசம்பரில் உலகம் அழியும் என்ற கதை எங்கள் தோட்டத்துக்கு டீவி வழியாக வந்தது. இலங்கையில், நிவித்திகலைக்கு மேலே, பாதி தேயிலை, பாதி ரப்பர். அதைச் சொன்ன மாயா என்பது யார், எந்த நாட்டு ஜனம் என்று நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளில் ஒருவருக்கும் தெரியாது. அவர்களுடைய பழைய காலண்டர் இருபத்தொன்றாம் திகதி முடிகிறது, மூன்று நாள் இருட்டாக இருக்கும், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. இவ்வளவுதான் தெரியும். நம்பாதவர்களும் மெழுகுதிரி வாங்கி வைத்தார்கள்.

என் தங்கச்சி அப்போது குவைத்தில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தாள். புருஷன் விட்டுப்போன பிறகு, சின்ன மகளை அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனவள். பஸ் ரோட்டோரம் துண்டு நிலம் வாங்கி வீடு கட்டத் தொடங்கியிருந்தாள். சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்திருந்தது. ஒப்பந்தம் முடியும்வரை அங்கே இருந்தால் கூரை போட்டுவிடலாம். மகள் பெரியவளாகும்போது லயத்து ஒற்றையறைக் காம்பராவில் இருக்கக்கூடாது. அதற்கு மேல் அவள் எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

அம்மாவுக்குச் சாவைப் பற்றிப் பயமில்லை. லயத்தில் ஒரு சாவு விழுந்தால் தப்பு அடிப்பார்கள், மலை வேலை நிற்கும், எல்லாரும் வந்து வாய்க்கரிசி போடுவார்கள். அப்படிப் போவது அவளுக்குச் சம்மதம். மகள் மட்டும் யாரோ ஒருவர் வீட்டுக் குசினியில் தனியாகச் சாவாள் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பக்கத்துக் காம்பராக்காரர் கேலி செய்தாராம்.

"எல்லாரும் ஒண்ணா செத்துட்டா வாய்க்கரிசி யாரு போடுவா அக்கா? தோட்டத்துத் தொரை வந்து போடுவாரா?"

"நீ பேசுவடா. ஒனக்குப் புள்ளைக எல்லாம் பக்கத்துல இருக்கு."

அம்மா ஒவ்வொரு நாளும் குவைத்துக்கு போன் போட்டு அழுதாள். பேத்தியையும் அழவைத்தாள். "வந்துரு புள்ள. செத்தா எல்லாரும் ஒண்ணா சாவோம்."

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. அந்த வருஷம் கித்துல்கலையில் வெள்ளைக்காரர்கள் ஆற்றில் போகிற படகுகளுக்குக் காற்றடித்து, கரைக்குத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் படகில் வந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி மாயா ஜனங்களின் நாட்டில் பல வருஷம் இருந்தவள் என்று தெரிந்தது. படகோட்டி சிங்களத்தில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டேன். அந்தக் காலண்டர் முடியவில்லையாம். மோட்டார் சைக்கிள் மீட்டர் ஒரு சுற்று ஓடி மறுபடி பூச்சியத்துக்கு வருவதுபோல, நீண்ட கணக்கில் ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது. உலகம் அழியும் என்று அவர்கள் எழுதி வைக்கவில்லை. அதெல்லாம் வெளியாட்கள் கட்டிவிட்ட கதை. அந்த ஜனங்களும் அழிந்துபோகவில்லை, இன்றைக்கும் அந்தப் பக்கத்துக் கோப்பித் தோட்டங்களில் பிறருக்குக் கோப்பிப்பழம் பறிக்கிறார்கள் என்றாள். அது மட்டும் எனக்கு உடனே விளங்கியது.

அன்று மாலையே அம்மாவை போனில் கூப்பிட்டுச் சொன்னேன். "ஊர் சுத்துற ஒனக்கு என்னா தெரியும்? டீவியிலேயே சொல்றான்" என்று வைத்துவிட்டாள். பிறகு தங்கச்சி என்னை அழைத்தாள்.

"அண்ணே, இந்தக் கதை நெசமா?"

"பொய். ஒண்ணும் நடக்காது. நீ அங்கேயே இரு."

"பொய்யின்னு எனக்கும் தெரியுதுண்ணே. ஆனா புள்ள அழுவுது. நீ வரலைன்னா என் மேல பாசமில்லன்னு சொல்லுது."

வந்துவிட்டாள். அம்மா சாகக் கிடக்கிறாள் என்று குவைத் வீட்டு எஜமானியிடம் அழுதிருக்கிறாள். உலகமே சாகக் கிடக்கும்போது அதை முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. போனால் திரும்ப வரவேண்டாம் என்று அவள் அனுப்பிவிட்டாள்.

இருபத்தொன்றாம் திகதி நானும் வீட்டுக்குப் போனேன். பகல் முழுக்க மழை. அம்மா கோழி அடித்துச் சமைத்தாள். மகளையும் பேத்தியையும் கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்திருந்தாள். அம்மா அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. தங்கச்சி ஒரு வாய் தின்றுவிட்டு, மழையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

மறுநாள் காலை வழக்கம்போல, வேலைக்கு ஆள் கூப்பிடும் பிரட்டு மணி அடித்தது. லயத்து வாசலில் தங்கச்சியைக் கண்ட கங்காணி நின்றார்.

"என்னா புள்ள, அழியல போல இருக்கே? அப்ப கத்திய எடு. ரப்பர் பால் வெட்ட ஆள் பத்தல."

லயமே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள்.

ஒப்பந்தத்தை முறித்தவளை மறுபடி அனுப்ப முடியாது என்று ஏஜென்ட் கைவிரித்தான். அவள் கத்தியை எடுத்தாள். இன்றும் விடியுமுன் ரப்பர் மலை ஏறுகிறாள். கூரையில்லாத சுவருக்குள் வாழை நட்டார்கள், பிறகு அதையும் பன்றி கிண்டிவிட்டது. அம்மாவிடம் அவள் ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. தேவைக்கு மேல் பேசியதுமில்லை. "என்னாதான் இருந்தாலும் புள்ளகிட்ட வந்து சேர்ந்துட்டா" என்று அம்மா இன்னும் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்கிறாள்.

அந்தப் பிள்ளை காம்பராவிலேயே பெரியவளானாள். இந்த வருஷம் அவளும் குவைத்துக்குப் போனாள். இரத்தினபுரி பஸ் ஸ்டாண்டில் கொழும்பு பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, தங்கச்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னாள்.

"யாரு அழுதாலும் வராத. நான் செத்தேன்னு சொன்னாலும் வராத."

பிள்ளை வெள்ளிக்கிழமைகளில் பேசும். தங்கச்சி போனை எடுத்துக்கொண்டு லயத்துக்கு வெளியே, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விடுவாள். "ஒரு வார்த்தை நானும் பேசுறேனே" என்று அம்மா வாசலில் நின்று கேட்பாள். தங்கச்சி பேசி முடித்து, போனை அணைத்துவிட்டுத்தான் உள்ளே வருவாள்.