இருட்டுச் சரிவில் சேப்பங்கிழங்கு

இலங்கை மலையகத்தில் கினிகத்தேனைப் பக்கம், எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கும் கீழேயுள்ள சிங்களக் கிராமத்துக்கும் நடுவில் ஒரு காடு. இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு அதைப் பராமரிக்கக் கிராமத்தார் ஒரு குழு அமைத்தார்கள். தோட்டத் தொழிலாளர் நாங்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து யாரையும் கூப்பிடவில்லை. நாங்கள் ஐந்து பெண்கள், கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு, கூப்பிடாமலே கூட்டத்துக்குப் போனோம்.

"தோட்டத்து ஆளுங்க விறகு வெட்டத்தான் வருவாங்க" என்றார் குழுவின் செயலாளர், சிங்களத்தில். எங்களுக்குப் புரியாது என்று நினைத்திருப்பார்.

எழுந்து, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்: "விறகு நீங்களுந்தான் வெட்டுறீங்க மாத்தயா. எங்களுக்கு ஒரு துண்டு எடம் குடுங்க. மரத்துல கை வைக்காம கிழங்கு போட்டுக் காட்டுறோம்."

சிரித்துக்கொண்டே ஓடைப்பக்கச் சரிவைக் காட்டினார். நடுப்பகலிலும் வெயில் இறங்காத இடம். புல்கூட முளைக்காது.

முதலில் இஞ்சி நட்டோம். மழை விடவே இல்லை, அத்தனையும் அழுகிப்போனது.

"விட்டுத் தொலை, ஊரே சிரிக்குது" என்றார் என் வீட்டுக்காரர்.

"சிரிக்கட்டும். வாய் வலிச்சா நிப்பாட்டுவாங்க."

அடுத்த முறை சேப்பங்கிழங்கு. நிழலும் ஈரமும் அதற்குப் பிடிக்கும். மண் அரிக்காமல் கல் அடுக்கி, உதிர்ந்த இலைகளால் மூடினோம். வேலை விட்ட பிறகுதான் போவோம். அதுவும் தோட்டத்தில் எங்களை மேய்க்கிற மேற்பார்வையாளர் கண்டாக்குக்குப் பொறுக்கவில்லை.

"காட்டுல தோண்டுற கையில கொழுந்து எப்பிடி வரும்?" என்றார், எல்லோர் முன்னாலும்.

"தராசுல போட்டுப் பாருங்க ஐயா. கொறைஞ்சா பேசுங்க."

போட்டுப் பார்த்தார். எடை குறையவில்லை; அப்படியே பதிந்துகொண்டு அடுத்த கூடையைக் கூப்பிட்டார்.

கிழங்கு தோண்டிய அன்று ஒரு செடியைப் பிடித்து இழுத்தேன். தாய்க்கிழங்கைச் சுற்றிக் கொத்தாகக் குட்டிகள். எங்கள் ஐவரில் பக்கத்தில் நின்றவள் மண்ணோடு அதை மடியில் வாங்கிக்கொண்டு அழுதாள். எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை காலம் ஒரு சாண் மண் தராமல் வைத்திருந்தார்களே!

சில நாளில் செயலாளரின் மனைவி லயத்துக்கே வந்தார். "நங்கி," என்று சிங்களத்தில் தங்கச்சி முறை சொல்லிக் கேட்டார், "வெதைக்குக் கொஞ்சம் கிழங்கு தருவீங்களா?"

"தர்றேன் அக்கே. எங்க அஞ்சு பேரையும் குழுவுல சேக்கச் சொல்லுங்க."

"அவரு ஒத்துக்க மாட்டாரே."

"அப்ப கிழங்கு எங்க அடுப்புலயே வேகட்டும்."

அடுத்த கூட்டத்தில் செயலாளர் எங்கள் பெயர்களை எழுதி வாசித்தார். என் பெயரைப் பிழையாக எழுதியிருந்தார்.

"அது என் பேரு இல்ல மாத்தயா. வெட்டிட்டுத் திரும்ப எழுதுங்க."

அவர் எழுதி முடிக்கும்வரை நான் உட்காரவில்லை. மறுநாள் ஒரு சாக்கு விதைக்கிழங்கை நானே சுமந்துபோய் அவர் மனைவியிடம் கொடுத்தேன்.