குளத்தில் கரைத்த மாத்திரைகள்

என் மனைவிக்கு டாக்டர் கொடுத்த மாத்திரைகளை நான்தான் கோயில் குளத்தில் கரைத்தேன். ஆம்... நானேதான்!

பதறாமல் கேளுங்கள். திருவள்ளூரில் பெருமாள் கைங்கர்யம் செய்கிற குடும்பம் எங்களுடையது. அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். பெருமாளுக்குப் படைக்கும் தளிகையை அவள்தான் செய்வாள். மாதம் மூன்று நாள் அவள் விலகிக் கொல்லைப்புற அறையில் உட்கார்ந்தால் அடுப்பு என் தலையில் விழும்; கோயிலுக்கு நேரம் தவறும்; வசவு கேட்பேன்.

கல்யாணமான மூன்றாம் வருஷம் அவளுக்கு அது நின்றுபோனது. இனிக் குழந்தை எப்படி என்று அவள் அழுதாள். நானோ உள்ளுக்குள் மகிழ்ந்தேன். என்ன மனிதன் நான்!

சென்னையில் ஒரு லேடி டாக்டர் பார்த்தார். சினைப்பையில் சின்னச் சின்ன நீர்க்கட்டிகளாம். முதலில் மாத்திரை, அதற்கும் வராவிட்டால் வயிற்றைத் திறந்து சினைப்பையில் ஒரு கீற்றை வெட்டி எடுப்பார்களாம். குழந்தை பிறக்க வழியுண்டு என்றார். அவள் முகம் மலர்ந்தது.

அடுத்து வந்த அமாவாசையன்று, நோய் கரையட்டும் என்று ஊரே குளத்தில் வெல்லம் கரைத்தது. நான் வெல்லத்துக்குள் மாத்திரைகளைப் பொதிந்து கரைத்தேன். புட்டியில் வெறும் சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளை நிரப்பினேன். பெருமாள் பார்த்துக்கொள்வார் என்று நம்பினேனா? பொய்... தளிகை தடைபடக் கூடாது, அவ்வளவுதான்.

ஆனால் அடுத்த மாதமே அவள் கொல்லைப்புற அறையில் போய் உட்கார்ந்தாள்!

சரியாக மூன்று நாள். நான்காம் நாள் தலைக்குக் குளித்து உள்ளே வந்தாள். அவள் துணியில் ஒரு கறைகூட இல்லை. மறுமாதமும் அப்படியே... அதற்கடுத்த மாதமும். கறை எங்கே என்று கேட்டால் என் குட்டு உடைந்துவிடுமே! வாயை மூடிக்கொண்டு சமைத்தேன்.

ஒரு மத்தியானம், சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"மாத்திரை நன்னா கேக்கறது. டாக்டர்கிட்ட சொல்லிடுங்கோ."

சொன்னேன். அப்படியானால் ஆபரேஷன் வேண்டாமென்று டாக்டரும் விட்டுவிட்டார். குழந்தை பிறக்கவில்லை.

ஆறு வருஷம் இப்படியே போயிற்று. பிறகு ஒருமுறை, நான்காம் நாள் அவள் உள்ளே வரவில்லை. ஐந்தாம் நாளும் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். பாய் ரத்தத்தில் நனைந்திருந்தது. அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இந்தத் தடவை நெஜம்."

கர்ப்பப்பையில் புற்று, வருஷக்கணக்கில் தீட்டு நின்றிருந்தால் இப்படி வரும், முன்பே கவனித்திருக்க வேண்டும் என்றார்கள். அப்படியென்றால் நான் மாத்திரையை மாற்றியதை அறிந்துதான் மாதாமாதம் அங்கே போய் உட்கார்ந்தாளா? என்னைத் தண்டிக்கவா... அல்லது மூன்று நாளாவது மூச்சு விடவா? கேட்கத் துணிவு வருமுன் போய்விட்டாள்.

இப்போது மாதம் முப்பது நாளும் தளிகை நான்தான் செய்கிறேன்.