முதல் வரியில் இருந்தவர்

வெளிநாட்டிலிருந்து கலியாணத்துக்கு வருகிறவர்களின் பயண விபரம் எங்கள் அலுவலகத்துக்கு ஒரே மாதிரி வந்து சேர்வதில்லை. சிலர் டிக்கெட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுவார்கள். சிலர் விமான இலக்கத்தைக் குரல்பதிவில் சொல்வார்கள். பின்னால் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும். ஒழுங்கான குடும்பமென்றால் ஒரு எக்செல் கோப்பு வரும். அதை நிகழ்ச்சி ஏற்பாட்டு மென்பொருளுக்குள் ஏற்றிவிட்டால், யாரை எந்த வான் ஏற்றுவது, யாருக்கு எந்த ஹோட்டல் அறை என்பதை அதுவே பிரித்துத் தரும். விமான நிலையத்தில் நிற்கும் சாரதியின் கைபேசிக்கும் பட்டியல் போய்விடும். அலுவலகத்தில் அதற்குப் பெயர் சிஸ்டம்.

இந்த வேலைக்கு வருமுன் நான் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தேன். பத்திரிகை பக்கங்களைக் குறைத்தபோது ஆட்களையும் குறைத்தது. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் இருந்த இந்த நிறுவனத்துக்கு அப்போது தமிழில் கதைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. முதலாளி சிங்களவர். வாடிக்கையாளர்களில் அநேகர் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள். சிஸ்டத்தைப் பார்ப்பது என்னோடு வேலை செய்த சிங்களப் பெண். குடும்பங்களைப் பார்ப்பது நான்.

அந்தக் கலியாணத்தின் கோப்பை மணமகளின் தாயே தயாரித்துக்கொண்டு வந்தார். கணவர் இறந்து சில வருடங்களாகியிருந்தன. மகளோடு எங்கள் ஒழுங்கைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு மாடிவீட்டில் இருந்தார். வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர் என்பதைக் கோப்பைத் திறந்தவுடனேயே கண்டுகொள்ளலாம். ஒரு கட்டமும் வெறுமையாக இல்லை. தன் சகோதரங்களை வயதுப்படி எழுதியிருந்தார். முதல் வரியில் கனடாவிலிருந்து வரும் மூத்த அண்ணர், அடுத்ததில் அவருடைய மனைவி, பிறகு மெல்பேர்னிலிருந்து வரும் அக்காவும் அத்தானும், கடைசி வரியில் லண்டனிலிருந்து தனியே வரும் தம்பி. மின்னஞ்சல் என்ற நிரலில் எல்லோருக்கும் தன் மகளுடைய முகவரியையே போட்டிருந்தார்.

"அதுகள் ஒண்டும் ஈமெயில் பாக்காதுகள், பிள்ளை. எல்லாம் எனக்குத்தான் வாட்ஸ்அப்பில வரும். வெறுமையா விட்டா வடிவில்லைத்தானே."

வாங்கி வைத்தோம். மாலையில் என் சக ஊழியர் அதை ஏற்றினார். திரை பச்சையாகியது. "அக்கே, ஒக்கொம ஹரி," என்றார். எல்லாம் சரி என்று அர்த்தம்.

மறுநாள் காலை வாகனப் பட்டியலைத் திறந்தேன். மாப்பிள்ளை பகுதி முழுப் பக்கமாக இருந்தது. பொம்பிளை பகுதியில், தாயின் சகோதரங்கள் இருக்கவேண்டிய இடத்தில், ஒரேயொரு பெயர், கீழே வெள்ளை. பத்திரிகையில் கடைசி நேரம் ஒரு விளம்பரம் கழன்று விழுந்தால் பக்கம் இப்படித்தான் கிடக்கும். நின்ற பெயர் லண்டன் தம்பியுடையது.

காரணம் தேடப் பிடித்த நேரம் கொஞ்சம்தான். சிஸ்டம் ஆட்களைப் பெயரால் அடையாளம் காண்பதில்லை. மின்னஞ்சல் முகவரியால் காண்கிறது. ஒரே முகவரியோடு இரண்டாவது வரி வந்தால், முதலாமவரே தன் விபரத்தைத் திருத்தி அனுப்பியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு பழையதன் மேல் புதியதை எழுதிவிடும். அண்ணருக்கு மேல் அண்ணியும், அண்ணிக்கு மேல் அக்காவும், அக்காவுக்கு மேல் அத்தானும், எல்லோருக்கும் மேல் தம்பியும் எழுதப்பட்டிருந்தார்கள். பிழையென்று சிஸ்டம் எதையும் சொல்லவில்லை. அதன் கணக்கில் பிழை நடக்கவும் இல்லை.

என் சக ஊழியர் மின்னஞ்சல் நிரலை வெறுமையாக்கிக் கோப்பை மறுபடி ஏற்றினார். எல்லோரும் தங்கள் தங்கள் வரியில் வந்து நின்றார்கள். அதற்குள் தாயின் அழைப்பு வந்துவிட்டது.

"பிள்ளை, அண்ணையை ஆரும் ஏத்தேல்லையாம்."

அவருடைய விமானம் விடியற்காலை இறங்கியிருந்தது.

நடந்ததை எங்கள் சாரதியிடம் கேட்டேன். மாப்பிள்ளையின் உறவினர் சிலரும் அதே விமானத்தில் வந்ததால் அவர் கலியாணப் பலகையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறார். கோட்டுப் போட்ட ஒரு பெரியவர் மனைவியோடு வந்து, பலகையை வாசித்து, தன் பெயரைச் சொன்னார். சாரதி கைபேசியைப் பார்த்து, "சேர்கே நம லிஸ்ட் எகே நே," என்றார். சேரின் பெயர் பட்டியலில் இல்லை. உதவி செய்யும் நினைப்பில், பொம்பிளை பகுதியில் இருந்த ஒரே பெயரையும் வாசித்துக் காட்டியிருக்கிறார்.  பெரியவர் திரும்பிப் போய் டாக்சி பிடித்தாராம்.

மத்தியானத்துக்கு முன் தாய் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். குடையை மடக்காமலே கதிரையில் இருந்தார்.

"கொட்டாஞ்சேனையில, அண்ணியின்ர தமக்கை வீட்டில இறங்கியிருக்கினம். அண்ணை போன் எடுக்கிறாரில்லை. அண்ணி எடுத்தா. 'இந்தமுறையும் விட்டிட்டியள், என்ன?' எண்டு கேட்டிட்டு வைச்சிட்டா."

"இந்தமுறையும் எண்டா?"

சொன்னார். அவர்களுடைய தகப்பனார் இறந்தபோது கொழும்பில் நின்றது தம்பிதான். மரண அறிவித்தலைப் பத்திரிகைக்குக் கொடுத்ததும் அவர்தான். மறுநாள் அச்சில் வந்த அறிவித்தலில், பாசமிகு தந்தையும் என்ற இடத்துக்கு முன்னால் பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன; மூத்தவரின் பெயர் இல்லை. தான் சொன்னதாகவும் பத்திரிகை விட்டுவிட்டதாகவும் தம்பி சொன்னார். அண்ணர் அதை நம்பவில்லை. அன்றிலிருந்து இருவருக்கும் கதையில்லை. இரண்டு வீட்டுக்கும் செய்தி கொண்டுபோவது இவர்தான்.

"தகப்பன் இல்லாத பிள்ளை. தாரை வார்த்துக் குடுக்க அண்ணையும் அண்ணியும்தான் இருக்கவேணும். அவர் வராட்டித் தம்பியைக் கேக்க ஏலுமே? கேட்டா அதோட அண்ணை என்னையும் விட்டிடுவார்." அப்போதுதான் குடையை மடக்கினார். "நீ அந்த லப்டொப்பை எடுத்துக்கொண்டு வா, பிள்ளை. நான் சொன்னால் சமாளிக்கிறன் எண்டுவார்."

ஓட்டோவில் போனோம். புறக்கோட்டை தாண்டினோம். ஆமர் வீதிச் சந்தியில் கொள்கலன் லொறிகளுக்குப் பின்னால் நின்றபோது அவர், "நீ பேப்பரில இருந்தனி எண்டதையும் சொல்லு. பேப்பர்காரர் பேர் விடுறவை எண்டு சொன்னால் நல்லம்," என்றார்.

வீடு இரண்டாம் மாடியில். விறாந்தையில் விமான நிலையத்துச் சீட்டுக் கழற்றாத இரண்டு பெரிய பெட்டிகள் நின்றன, திறக்கப்படவில்லை. மூத்தவர் சாய்வு இல்லாத கதிரையில் நிமிர்ந்து இருந்தார். கோட்டு பக்கத்துக் கதிரையில் தொங்கியது. கதவைத் திறந்தது மனைவி.

"வாங்கோ, வாங்கோ. லிஸ்டில இல்லாத ஆக்களைத் தேடி வந்திருக்கிறியள்."

"அண்ணி, அது கொம்பியூட்டர் செய்த வேலை."

"கொம்பியூட்டருக்கும் எனக்கும் என்ன கோபம்?" என்றார் மூத்தவர். தங்கையைப் பார்க்கவில்லை. "எல்லாற்ற பேரும் விழுந்திருந்தாப் பரவாயில்லை. அவன்ர பேர் மட்டும் எப்பிடி நிண்டது?"

நான் லப்டொப்பைச் சின்ன மேசையில் வைத்துக் கோப்பைத் திறந்தேன். தாய் எழுதித் தந்த கோப்பு, நாங்கள் ஏற்றுவதற்கு முன்பு இருந்தபடியே. மின்னஞ்சல் நிரலைக் காட்டி, ஒரே முகவரி ஒன்றன் கீழ் ஒன்றாக நின்றதையும், கீழே வருவது மேலே இருப்பதை அழிக்கும் என்பதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு குனிந்தார். நிரலைப் பார்க்கவில்லை. முதல் வரியில் இருந்த தன் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை எழுதினது ஆர்?"

"நான்தான் அண்ணை."

"என்னை ஏன் மேல போட்டனி?"

"மூத்தவரைப் பின்னக் கீழயே போடுறது?"

மனைவி சிரித்துவிட்டார். "மரியாதை குடுத்தெல்லோ உங்களைத் துலைச்சிருக்கிறா. கடைக்குட்டியா எழுதியிருந்தா இண்டைக்கு ஏசி வானில வந்திருப்பம்."

"அப்ப மேல இருக்கிறவனை எல்லாம் அழிச்சுப்போட்டுக் கடைசியா வந்தவனை வைச்சிருக்கும்," என்றார் மூத்தவர், என்னைப் பார்த்து.

"ஓம் அங்கிள்."

"கனடாவில எங்கட பெடியளும் உதைத்தான் செய்யினம்," என்றார் மனைவி. "சிஸ்டம் இல்லாமலே."

தாய்க்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. "இனி அப்பிடி வராது அண்ணை. உங்கட ஈமெயிலைத் தாங்கோ, தனியப் போடுவம்."

"எனக்கெங்க ஈமெயில்? இவவின்ரதுதான் எனக்கும்."

"அதைப் போட்டா, அங்கிள்," என்றேன், "உங்களுக்கு மேல அன்ரி வந்திடுவா."

"அது இப்ப இருக்கிறதுதானே," என்றார் மனைவி. தேநீர் போட உள்ளே போனார். மூத்தவர் சிரிக்கவில்லை. ஆனால் லப்டொப்பைத் தன் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்தார்.

தாய் என் முழங்கையைத் தொட்டார். பிறகு தானே சொன்னார்: "அண்ணை, இவ முந்திப் பேப்பரில வேலை செய்தவ."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். எந்தப் பத்திரிகை என்று கேட்டார். சொன்னேன். அந்த அறிவித்தல் வந்த பத்திரிகை அதல்ல.

"மரண அறிவித்தல் பாத்தனீங்களோ?"

"பிழை திருத்தினனான், அங்கிள்."

எந்தப் பத்திரிகையிலும் காலையில் முதலில் அடிக்கும் தொலைபேசி செய்திக்காக அடிப்பதில்லை. அறிவித்தலில் பெயர் விடுபட்டதற்கு, அல்லது மருமகனின் பெயர் மகனுக்கு முன்னால் வந்ததற்கு அடிக்கும். அதையெல்லாம் அவருக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"ஒரு பேர் தன்பாட்டில விழுமோ?" என்று கேட்டார்.

"விழும். போனில சொல்லேக்க எழுதிறவர் விடலாம். தட்டச்சில விடலாம். இடம் காணாமல் சுருக்கேக்கயும் விடலாம்."

தாய் மூச்சை விட்டார். மூத்தவர் அவசரப்படவில்லை.

"நீங்கள் எதை வைச்சு ஒத்துப் பாப்பியள்?"

"எழுதித் தந்த தாளை வைச்சு."

"தாளிலயே பேர் இல்லாட்டி?"

"எங்களுக்குத் தெரியவராது, அங்கிள்."

"அப்ப அவன் குடுக்கேல்லை எண்டும் இருக்கலாம்."

தாய் என்னைப் பார்த்தார். ஆமர் வீதியில் அவர் கேட்டது ஒரு வசனம்தான். அதைச் சொல்லியிருந்தால் எனக்கு ஒன்றும் குறைந்திராது. ஆனால் அந்தத் தாளை நான் பார்த்ததில்லை.

"இருக்கலாம்," என்றேன். "விடுபட்டும் இருக்கலாம். எனக்குத் தெரியாது."

உள்ளே கரண்டி கோப்பையில் படும் சத்தம் கேட்டது.  மூத்தவர் எழுந்து யன்னலுக்குப் போனார். கீழே தேவாலயப் பக்கமாகப் பள்ளிக்கூட வான்கள் திரும்பிக்கொண்டிருந்தன. வந்து மறுபடி இருந்தபோது முகத்தில் புதிதாக ஒன்றும் இல்லை.

"எல்லாரும் எனக்குத் தெரியும் தெரியும் எண்டுதான் இவ்வளவு காலமும் சொன்னவை," என்றார். பொதுவாகச் சொன்னார், யாருக்கென்று இல்லை. தேநீர் வந்தது. பாதி குடித்த பிறகு தங்கையிடம் கேட்டார்: "முகூர்த்தம் எத்தினை மணிக்கு?"

அழைப்பிதழில் இருந்தது. அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தாய் சொன்னார்.

"வான் அனுப்பிறன் அண்ணை."

"உங்கட வானும் வேண்டாம், லிஸ்டும் வேண்டாம். நான் ஓட்டோவில வருவன்."

படியிறங்கும்போது தாய் என்னோடு கோபமாக இருந்தார். வெள்ளவத்தை வரும்வரை அது போகவில்லை. இறங்கி, ஓட்டோக் காசை நான் கொடுக்க விடாமல் தானே கொடுத்தபோதுதான், "வாறன் எண்டிட்டார், என்ன?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

கலியாணத்தன்று மண்டபத்துக்கு முதலில் வந்த விருந்தாளிகள் அவர்கள்தான். நாதஸ்வரக்காரர் இன்னும் பையை அவிழ்க்கவில்லை. பட்டுவேட்டியோடு ஓட்டோவிலிருந்து இறங்கியவர், மீதிக் காசுக்காகச் சாரதியோடு சிங்களத்தில் பேரம் பேசிக்கொண்டு நின்றார். மனைவி சேலைக் கொய்யகத்தைச் சரிசெய்தபடி, "விடுங்கோவன், கனடாக் காசுதானே," என்றார்.

தம்பியார் பிறகு வந்தார். எங்கள் வானில், எங்கள் பட்டியல்படி. சகோதரங்கள் இருவரும் மண்டபத்தின் இரண்டு பக்கத்தில் நின்றார்கள். படப்பிடிப்பாளர் குடும்பப் படத்துக்கு அழைத்தபோது இடையில் அக்காவும் அத்தானும் நின்றார்கள். ஒரு சொல் போய் வந்ததை நான் காணவில்லை. என் வேலையே பார்த்துக்கொண்டு நிற்பதுதான், போய் வந்திருந்தால் கண்டிருப்பேன்.

தாரை வார்க்கும் நேரம் மணவறையில் மூத்தவரும் மனைவியும் இருந்தார்கள். அவர் மணமகளின் கையைப் பிடித்திருந்தார். மனைவி செம்பைச் சரித்தார். சில துளி விழுந்து நின்றுவிட்டது. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கை பிடித்தவர் அசைய முடியாது. தலையைத் திருப்பாமல், "தண்ணி காணாது. கொண்டு வா," என்றார்.

அவருக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் மண்டபத்து ஊழியர். தண்ணீர்க் குடம் அவருடைய காலடியில்தான் இருந்தது. மற்றவர் தம்பியார். ஊழியர் குனிவதற்குள் தம்பியார் கையை நீட்டிச் செம்பை வாங்கினார். நிரப்பிக்கொண்டு வரும்போது விளிம்பால் வழிந்து அவருடைய சால்வை நனைந்தது.

"மெல்ல, தம்பி," என்றார் அண்ணி, வாங்கிக்கொண்டே.

மூத்தவர் யாரை நினைத்துச் சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. தண்ணீர் விழுந்தது. ஐயர் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.