பக்கிளில் கட்டிய மஞ்சள் முடிச்சு

என் மகளை ஆறு இழுத்துக்கொண்டு போனது. அதிகம் போனால் அரை நிமிடம் இருக்கும். அந்த அரை நிமிடத்தில் எனக்குக் கிடைத்த பதிலை, நம் ஸ்ரீவராகம் பஜனைக் கூட்டத்து அன்பர்களிடம் மறைத்துவைப்பது நியாயமில்லை. அதில் என் மானம் கொஞ்சம் போகும். போகட்டும்.

என்னை உங்களுக்குத் தெரியும். கடவுளை நம்புகிறேன்; மற்ற எல்லோரையும் சந்தேகிக்கிறேன். அரசு அலுவலகத்தில் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் பிரிவில் இருபது வருடம் உட்கார்ந்தவனுக்கு வேறு குணம் வராது. நடைதிறக்க ஐந்து நிமிடம் தாமதமானால் பூசாரியையும் சந்தேகிப்பேன்.

கடந்த ஓண விடுமுறையில், வடக்கே மலபார் பக்கம் ஓர் ஆற்றில் ரப்பர் படகு விட வேண்டும் என்று என் மகள் காயத்ரி அடம்பிடித்தாள். ப்ளஸ் ஒன் படிக்கிறாள். பாறைகளுக்கு நடுவே நுரைத்து ஓடும் வெள்ளத்தில், துடுப்போடு நாமே போய் விழுவதற்கு ராஃப்டிங் என்று பெயராம். என் மனைவி லலிதாவும் அவள் கட்சி. புறப்படும் முன் நான் மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து, கோட்டைப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டேன். "மழை பெய்து இது ரத்தாக வேண்டும்" என்பதே என் முதல் விண்ணப்பம். மழை பெய்தது. ஆற்றில் தண்ணீர் இன்னும் நன்றாக வந்திருக்கிறது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

எங்கள் படகுக்கு வழிகாட்டி ஷைனி என்று ஓர் இளம்பெண். காயத்ரிக்கு அக்கா மாதிரி இருந்தார். இவரா இந்த ஆற்றைச் சமாளிப்பார் என்று உடனே சந்தேகம். லைஃப் ஜாக்கெட்டுகளைச் சந்தேகித்தேன். ஹெல்மெட்டை முகர்ந்து பார்த்தேன்.

"ஏன்னா, கொஞ்சம் சும்மா இருங்கோளேன்," என்றாள் லலிதா. "பொண்ணு பாக்கப் போன எடத்துல கூட இப்படித்தான். காப்பி டம்ளரைக் கவுத்துக் கவுத்துப் பாத்தேள்."

ஷைனி ஒவ்வொருவருடைய பட்டையையும் இழுத்து இறுக்கினார். இழுத்த வேகம் எனக்கு நாடகமாகப் பட்டது. அவர் அந்தப் பக்கம் போனதும் காயத்ரியை ஒதுக்குப்புறம் கூப்பிட்டேன். அவளுடைய ஜாக்கெட்டின் மார்புப் பூட்டான பக்கிளைத் திறந்து, பட்டையில் என் மஞ்சள் முடிச்சைச் சுற்றிக் கட்டி, பக்கிளைத் திரும்ப அழுத்தினேன். நெஞ்சோடு இருக்கட்டும் என்று. 'கிளிக்' என்ற சத்தம் வரவில்லை. வந்ததாக நானே முடிவுசெய்துகொண்டேன்.

"அப்பா, ப்ளீஸ். எல்லாரும் நோக்கறா."

"நோக்கட்டும்."

படகில் ஏறும் முன் ஷைனி அவளைத் தனியே அழைத்து, ஜாக்கெட்டில் ஏதோ செய்து, காதில் ஏதோ சொல்லிச் சிரித்து அனுப்பினார். எனக்கு மூக்கு வேர்த்தது.

"என்னடி சொன்னா?"

"ஒண்ணுமில்லைப்பா. வெறுதே."

வெறுதே என்று சொன்னால் வெறுமனே இல்லை என்று அர்த்தம். அதை யோசித்துக்கொண்டே துடுப்புப் போட்டேன். ஆறு சரிந்து பாயும் மூன்றாவது இறக்கத்தில் ஷைனி, "ஃபார்வேர்ட்! எல்லாரும் ஃபார்வேர்ட்!" என்று கத்தினார். நான் துடுப்பை நிறுத்தி, சரியாகத்தான் சொல்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். படகு பாறையில் மோதிச் சாய்ந்தது. எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த காயத்ரியின் இடம் காலியாக இருந்தது.

அப்போதுதான் வராத அந்தக் 'கிளிக்' என் காதில் கேட்டது. ஜாக்கெட் கழன்றிருக்கும். கழற்றியது நான்.

அன்பர்களே, எனக்கு ஸ்லோகங்கள் நிறையத் தெரியும். ஒன்றும் வரவில்லை. தேங்காய் நினைவுக்கு வரவில்லை. "பிள்ளையாரப்பா, நான்தான் அதைத் திறந்தேன்." அவ்வளவுதான் சொன்னேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். லலிதா என் கையைப் பிடித்திருந்தாள். அவள் நகம் பதிந்த தழும்பு இன்னும் இருக்கிறது.

நுரைக்குள்ளிருந்து ஆரஞ்சு நிறம் ஒன்று மேலே வந்தது. முகமும் வந்தது. ஷைனி சொல்லிக்கொடுத்தபடியே மல்லாந்து, காலை முன்னே நீட்டி மிதந்தாள். ஷைனி வீசிய கயிறு அவள் கைக்கே போய்ச் சேர்ந்தது. அருகில் வந்ததும் ஜாக்கெட்டின் தோள்பட்டைகளைப் பிடித்து ஒரே தூக்கு. என் பெண் படகுக்குள் விழுந்து, இருமி, சிரித்தாள்.

கரையில் ஓடிப்போய் அவளுடைய பக்கிளைப் பார்த்தேன். கச்சிதமாகப் பூட்டியிருந்தது. மஞ்சள் முடிச்சு அங்கே இல்லை. பின்பக்கம், தோள் வளையத்தில் இரட்டை முடிச்சுப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

"அங்கிள் கெட்டினது ஞான் கண்டு," என்றார் ஷைனி. "பக்கிள் லாக் ஆயிட்டில்ல. அதுகொண்டு அழிச்சு தோளில் கெட்டி." பக்கிள் பூட்டாததைப் பார்த்து, முடிச்சை அவிழ்த்துத் தோளில் கட்டிவிட்டாராம்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"பறஞ்ஞா அங்கிள் விஸ்வசிக்குமோ?" சொன்னால் நான் நம்பியிருப்பேனா என்று கேட்கிறார்.

லலிதா முதல் ஆளாகச் சிரித்தாள். அப்புறம் உட்கார்ந்து அழுதாள்.

ஷைனி திரும்பித் தன் ஜாக்கெட்டைக் காட்டினார். தோள் வளையத்தில் ஒரு சின்ன ஜெபமாலை. "அம்ம தந்ததாணு. ஆத்யம் ஞானும் பக்கிளிலாணு கெட்டியது. வழக்கு கேட்டு."

அவரும் முதலில் பக்கிளில் கட்டித் திட்டு வாங்கியவர்தான். அதனால்தான் அவர் கண்ணுக்கு அது தப்பவில்லை. நான் வாய் திறந்து வேண்டியது மூன்றாவது இறக்கத்தில். பதிலோ படகில் ஏறும் முன்பே வந்து, பூட்டி, முடிச்சையும் இடம் மாற்றி வைத்துவிட்டது. வந்த பதிலைத்தான் நான் வழிநெடுகச் சந்தேகித்துக்கொண்டு போயிருக்கிறேன்.

காப்பாற்றியது பிள்ளையாரா ஷைனியா என்று நம் கூட்டத்திலேயே சிலர் கேட்டார்கள். அதைப் பிரித்துச் சரிபார்க்கும் பிரிவில் இப்போது நான் வேலை செய்யவில்லை.

முழுக்கத் திருந்திவிட்டேன் என்று சொன்னால் லலிதா சாட்சிக்கு வரமாட்டாள். ஹெல்மெட்டை இன்றைக்கும் முகர்வேன். ஆனால் யாராவது எனக்காகக் குனிந்து ஏதாவது செய்தால், முதலில் நன்றி சொல்லிவிட்டு அப்புறம் சந்தேகிக்கிறேன். நீங்களும் நம்பி வேண்டிக்கொள்ளுங்கள். முடிச்சைத் தோளில் கட்டுங்கள்; பக்கிளை அதன் வேலையைச் செய்ய விடுங்கள்.

ஊர் திரும்பியதும் கோட்டைப் பிள்ளையாருக்குத் தேங்காய் வாங்கப் போனேன். வழக்கமாகப் பத்துத் தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்த்துத்தான் ஒன்றை எடுப்பேன். கடைக்காரர் கூடையை என் பக்கம் தள்ளிவிட்டு, நேரமாகும் என்று தெரிந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "நீங்களே ஒண்ணு எடுத்துத் தாங்கோ," என்றேன்.

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.