கன்னியம்மாள் எடுத்த சாக்கடைத் தண்ணீர்

ராஜமாணிக்கத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. கொரோனா இரண்டாம் அலையில் என் தம்பி வேடியப்பன் அவன் லாட்ஜில் வாட்ச்மேன். தம்பி இருமினான் என்று ராஜமாணிக்கம் அவனைப் பாயோடு இழுத்துவந்து செங்கம் ரோட்டில் போட்டான். மூன்றாம் நாள் தம்பி போய்விட்டான். லாட்ஜ் என்னவோ பௌர்ணமிக்குப் பௌர்ணமி நிரம்பி வழிகிறது.

கன்னியம்மாள் அக்கா அதே அலையில் புருஷனைப் பறிகொடுத்தவர். அரசாங்க லேபில் வேலை. கிரிவலக் கூட்டம் கலைந்த மறுநாள் ஊரில் ஐந்து இடங்களில் சாக்கடைத் தண்ணீர் எடுத்துச் சென்னைக்கு அனுப்புவார். ஆட்டோ என்னுடையது. கிருமி எப்படி உருமாறியிருக்கிறது என்று அந்தத் தண்ணீரில் பார்ப்பார்களாம். அடுத்த தடுப்பூசியை எப்படிச் செய்வது என்பதற்கு அதுதான் வழிகாட்டியாம்.

"பன்னி கூட மூக்கைச் சுளிக்கும், நீ குனிஞ்சு குனிஞ்சு பாக்கறியேக்கா" என்பேன்.

"எங்க வீட்டுக்காரரைக் கொன்னது சட்டை மாத்திக்கினு திரியுது. எந்தச் சட்டைல வந்தாலும் புடிக்கணும்" என்பார். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்வார்.

ஐந்தில் ஒன்று ராஜமாணிக்கம் லாட்ஜின் பின்பக்கக் குழி. போன கார்த்திகை தீபம் முடிந்ததும் அக்காவுக்கு முட்டி வீங்கிவிட்டது. என்னையே எடுத்துவரச் சொன்னார். நான் ஆஸ்பத்திரிக் கால்வாய்த் தண்ணீரையே லாட்ஜ் பாட்டிலிலும் ஊற்றிக் கொடுத்தேன். கிருமி தெரிந்தால் லாட்ஜை இழுத்துப் பூட்டுவார்கள் என்று நினைப்பு.

இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டார். மேசையில் சென்னையிலிருந்து வந்த இரண்டு ரிசல்ட் தாள்.

"ஆஸ்பத்திரி கிருமில இருக்கிற மாத்தம் அத்தனையும் லாட்ஜுலயும் இருக்குது. ஒண்ணு ஜாஸ்தி இல்ல, ஒண்ணு கம்மி இல்ல. ரெண்டு எடத்துல அச்சு அசலா எப்படிப்பா வரும்?"

ஒரே தண்ணீரை இரண்டு பாட்டிலிலும் ஊற்றியதைச் சொன்னேன்.

"தம்பிக்காகவா?"

"ஆமாக்கா. அவன் கதவைச் சாத்திப் பாக்கணும்."

"சென்னைக்கு வெறும் நம்பர்தான்டா போவுது, லாட்ஜு பேரு போவாது. அவன் மேல ஒரு கீறல் இல்ல. என் பழியைத்தான் நீ கெடுத்த. பொய்த் தடத்துல ஓடுனா நெசமான கொலைகாரன் தப்பிச்சிக்குவான்."

அந்த லாட்ஜ் தாளைத் தள்ளிவிடச் சொல்லிச் சென்னைக்குப் போன் போட்டார். தப்பு தன்னுடையது என்றார். தை பிறந்ததும் அவரை வேலூருக்கு மாற்றினார்கள்.

பஸ் ஏற்றிவிடப் போனேன். ஜன்னலுக்குள்ளிருந்து சொன்னார்:

"அவனை மன்னிக்கச் சொல்லல வேணு. நானும் மன்னிக்கிற ஆள் இல்ல. இந்தப் பௌர்ணமிக்கு லாட்ஜு குழியில நீயே எறங்கி எடு. அதுல என்ன இருக்குதோ அதை மட்டும் அனுப்பு."