துரைக்குக் கொடுத்த சீம்பால்

சரஸ்வதிக்கு அன்று விடிந்ததிலிருந்தே ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. சிராங்கூன் சாலையை ஒட்டிய மாட்டுக்கொட்டகைகளை நகராட்சிக்காரர்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தார்கள். ஊருக்கு நடுவே மாடு கட்டினால் நோய் பரவுமாம்! அக்கம்பக்கத்தார் மாட்டை விற்றுவிட்டுக் கப்பல் பட்டறைக்குக் கூலி வேலைக்குப் போய்விட்டார்கள். இவளிடம் இருந்தது ஒரே மாடு. அதற்கு இனி லைசென்ஸ் உண்டா இல்லையா என்று பார்க்கச் சுகாதாரத் துரை வரப்போகிறார். புருஷன் கோவிந்தசாமியோ சுருட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தான்.

"சித்த உக்காரேன்டி. தேய்ச்சுத் தேய்ச்சுத் தரையே பள்ளமாயிடும் போல."

"உங்களுக்கென்ன, நோகாம சொல்லுவீங்க. லைசென்ஸ் போச்சுன்னா சோத்துக்கு எங்க போறது?"

துரை வந்தார். தரையைப் பார்த்தார், வடிகாலைப் பார்த்தார், தலையை ஆட்டினார். சரஸ்வதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் கெட்டாள். மாடு முந்தின நாள்தான் கன்று போட்டிருந்தது. கன்று போட்ட வீட்டுக்கு வந்தவரைச் சீம்பால் கொடுக்காமல் அனுப்பலாமா? பால் விற்கும் செம்பிலேயே ஊற்றி, வாழையிலையால் மூடி, இரண்டு கையாலும் நீட்டினாள்.

இலையை விலக்கிய துரை மஞ்சளாகக் கெட்டியாக இருந்ததைப் பார்த்து முகம் சுளித்தார். ஏதோ கேட்டார். கூட வந்த துபாஷி அப்துல் அஜீஸ் கெஞ்சாத குறையாக என்னென்னவோ சொன்னார். துரை காதில் ஏறவில்லை.

"கன்னு போட்ட மாட்டுப் பாலைக் கொஞ்ச நாளைக்கு விக்கக்கூடாதாம். நீ இப்பவே விக்கிறேன்னு எழுதிட்டாரும்மா" என்றார் அஜீஸ். "சும்மா குடுக்கறது வழக்கம்னு எவ்வளவோ சொன்னேன்."

"விக்கலையே சாமி! பிள்ளை பெத்த வீட்டுல சர்க்கரை குடுக்கற மாதிரிதானே குடுத்தேன்!"

யார் கேட்டார்கள்? லைசென்ஸ் போனது. ஊருக்கு வெளியே இருந்த புக்கிட் தீமா பண்ணைக்காரர் மாட்டையும் கன்றையும் வாங்கிக்கொண்டார். ஆனால் மாடு யாரையும் கிட்டே விடவில்லை, உதைத்துத் தள்ளியது. கடைசியில் சரஸ்வதிக்கே ஆள் அனுப்பினார்கள். கூலிக்குத்தான். வயிறு எரிந்தாலும் போனாள்.

கன்றை ஊட்டவிட்டு, விலக்கிக் கட்டி, மடியில் கை வைத்தாள். பால் சுரந்தது. வாளி முக்கால் நிறைந்ததும் மிச்சத்தைக் குடிக்கட்டுமென்று கன்றை அவிழ்க்க எழுந்தாள்.

"கன்னை விடாதே. ஒட்டக் கற" என்றான் பண்ணை மேஸ்திரி.

சரஸ்வதி மறுபடி உட்கார்ந்தாள்.